சமவெளியில் இலைக்கோசு வளர்ப்பு

இலைக்கோசு அல்லது லெட்டூசு (லாக்டூகா சாட்டிவா) என்பது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இலைக்கறித் தாவரம் ஆகும். இதன் இலைகள் பெரும்பாலும் சமைக்கப்படாமல் பச்சையாகவே உண்ணப்படுகின்றன. இது குளிர்ந்த தட்பவெப்பத்தை விரும்பும் ஓராண்டுப் பயிர் ஆதலால், தமிழ்நாட்டில் நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளுக்கு உரிய பயிராகக் கருதப்படுகின்றது. எனினும் வீட்டுத்தோட்டமும் மாடித்தோட்டமும் பரவிய பின்னர், சமவெளி ஊர்களிலும் இதனை வளர்க்க முயல்வோர் உள்ளனர்.

இக்கட்டுரை திண்டுக்கல் மாவட்டச் சமவெளியில் அமைந்துள்ள செம்பட்டிப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, வீட்டுத்தோட்ட இலைக்கோசில் தோன்றும் சிக்கல்களையும் அவற்றின் காரணங்களையும் தீர்வுகளையும் விளக்குகின்றது. விதை முளையாமை, இலை கசத்தல், பூத்தண்டு எழும்புதல், இலை நுனி கருகுதல் ஆகியன தனித்தனிக் குறைகள் போலத் தோன்றும். ஆயினும் இவற்றுட் பெரும்பாலானவை வெப்பம் என்னும் ஒரே காரணத்தின் வெவ்வேறு வெளிப்பாடுகள் ஆகும். ஆகவே எந்த உரம் இடுவது, எந்த மருந்து தெளிப்பது என்பதைவிட, எந்த நாளில் விதைப்பது என்பதே இப்பயிரின் வெற்றி தோல்வியைப் பெரிதும் தீர்மானிக்கின்றது.

பெயர்

தமிழ்நாட்டுக் கடைகளில் இது பொதுவாக லெட்டூஸ் என்ற ஆங்கிலப் பெயராலேயே விற்கப்படுகின்றது. இலங்கைத் தமிழர் இதனைச் சலாது என்பர். இதன் அறிவியற் பெயரின் முதற்பகுதி, பால் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. முதிர்ந்த செடியின் தண்டை ஒடித்தால் பால் போன்ற வெண்ணிறச் சாறு கசியும். இப்பாலில் உள்ள லாக்டுசின், லாக்டுகோபிக்ரின் ஆகிய வேதிப்பொருள்களே இலையின் கசப்புக்குக் காரணம். கரோலசு லின்னேயசு 1753 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இத்தாவரத்துக்கு இன்றுள்ள அறிவியற் பெயரை வழங்கினார்.

வரலாறு

இலைக்கோசு பண்டைய எகிப்தில் பயிரிடப்பட்டது. மின் என்னும் எகிப்தியக் கடவுளுடன் தொடர்புபடுத்தப்பட்ட இத்தாவரத்தின் உருவம் அந்நாட்டுப் புடைப்புச் சிற்பங்களில் காணப்படுகின்றது. பின்னர் கிரேக்கரும் உரோமரும் இதனை உண்டனர். இதன் காட்டு மூதாதை முள்ளுடைய இலைகளையும் மிகுந்த கசப்பையும் கொண்டது. கசப்புக் குறைந்த, தாமதமாகப் பூக்கும் செடிகளை உழவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்து வந்ததன் விளைவே இன்றைய இலைக்கோசு ஆகும்.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஐரோப்பியக் காய்கறிகள் முதலில் மலைகளிலேயே நிலைபெற்றன. கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சலிவன் 1820களில் உதகமண்டலத்தில் இவ்வகைக் காய்கறிகளைப் பயிரிடச் செய்தார். இலங்கையின் நுவரெலியாவில் 1840களின் பிற்பகுதியில் குடியேறிய சாமுவேல் பேக்கரும் அத்தகைய வேளாண்மையை மேற்கொண்டார். ஐரோப்பியர் இப்பயிர்களுக்கு மலைகளைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணமும், சமவெளியில் இவை படும் தொல்லைக்கான காரணமும் ஒன்றே.

செம்பட்டிப் பகுதியின் தட்பவெப்பம்

செம்பட்டி திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு செல்லும் சாலையும் பழனிச் சாலையும் கூடும் இடத்தில் உள்ள ஊர். இதனை அடுத்துள்ள ஆத்தூர்ப் பகுதியில், பழனி மலையின் அடிவாரத்தில், காமராசர் நீர்த்தேக்கம் அமைந்துள்ளது. சமவெளியான இப்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் உள்ளது. இதே மாவட்டத்தைச் சேர்ந்த கொடைக்கானலோ ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை பொதுவாக 6 முதல் 6.5 பாகை செல்சியசு வரை குறைகின்றது. இக்கணக்கின்படி மலைக்கும் சமவெளிக்கும் இடையே ஏறத்தாழ 11 பாகை வேறுபாடு உண்டு. கொடைக்கானலில் ஆண்டின் பெரும்பகுதி வளரக்கூடிய பயிர், மலையடிவாரத்தில் ஒரு சில மாதங்கள் மட்டுமே வளர்வதற்கு இவ்வேறுபாடே காரணம்.

இலைக்கோசு 15 முதல் 22 பாகை வரையான வெப்பநிலையில் சிறப்பாக வளரும். சித்திரை, வைகாசி மாதங்களில் திண்டுக்கல் சமவெளியின் பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டுவது வழக்கம். மார்கழியிலும் தை முற்பகுதியிலும் பகல் வெப்பம் 30 பாகை அளவிலும் இரவு வெப்பம் 20 பாகை அளவிலும் இருக்கும். அதாவது ஆண்டின் மிகக் குளிர்ந்த நாட்களிலும் இப்பகுதியின் பகற்பொழுது இப்பயிருக்குச் சற்று மிகுதியான வெப்பம் உடையதே. இரவின் குளிர்ச்சியே அதனை ஈடுசெய்கின்றது. குளிர்ந்த இந்நாட்களுக்கு முன்னதாக, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்கின்றது. ஆகவே இப்பகுதித் தோட்டக்காரர் மழையில் நாற்று அழுகாமலும், மாசி வெயிலில் செடி பூக்காமலும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய காலத்தில் பயிரை முடிக்க வேண்டியுள்ளது.

வகைகளும் தெரிவும்

இலைக்கோசில் பல வகைகள் உள்ளன. அவற்றுள் வீட்டுத்தோட்டத்துக்குத் தொடர்புடையவை பின்வருமாறு:

- உதிரி இலை வகை: கோசு போல் உருண்டு திரளாமல் இலைகள் விரிந்து வளரும். விதைத்த 45 முதல் 60 நாட்களில் அறுவடைக்கு வரும். கிராண்ட் ராப்பிட்சு இவ்வகையைச் சேர்ந்தது.
- வெண்ணெய் வகை: மென்மையான இலைகள் தளர்வாகத் திரளும்.
- ரோமெயின் அல்லது காசு வகை: நீண்ட இலைகள் நிமிர்ந்து வளரும். ஓரளவு வெப்பத்தைத் தாங்கும்.
- ஐசுபெர்க் வகை: முட்டைக்கோசு போல இறுகத் திரளும். 70 முதல் 90 நாட்கள் தேவைப்படும்.
- தண்டு வகை: சீனாவில் தடித்த தண்டுக்காக வளர்க்கப்படுகின்றது.

உணவகங்களிலும் கடைகளிலும் காணப்படும் ஐசுபெர்க் வகையையே பலர் முதலில் விதைக்கின்றனர். இதுவே முதல் பிழையாக அமைகின்றது. இவ்வகைக்கு நீண்ட குளிர்காலம் தேவை. இறுகத் திரள்வதற்கு முன்னரே சமவெளியில் வெயில் வந்துவிடும். உதிரி இலை வகை விரைவில் அறுவடைக்கு வருவதாலும், வெளி இலைகளை மட்டும் பறித்து உண்ண முடிவதாலும் செம்பட்டி போன்ற ஊர்களுக்கு ஏற்றது. அதற்கு அடுத்த நிலையில் ரோமெயின் வகையைக் கொள்ளலாம்.

விதை முளையாமை

விதைத்துப் பத்து நாட்கள் ஆகியும் ஒன்றிரண்டு விதைகளே முளைத்தால், விதை கெட்டது என்று முடிவு செய்வது வழக்கம். ஆனால் பல வேளைகளில் விதை உயிருடனேயே இருக்கும். ஈரம்பட்ட இலைக்கோசு விதை, மண்ணின் வெப்பம் ஏறத்தாழ 28 பாகையைத் தாண்டினால் முளைப்பதை நிறுத்திக்கொள்கின்றது. சில வகைகள் 25 பாகையிலேயே தடைப்படும். கோடையில் முளைத்தால் நாற்று மடிந்துவிடும் என்பதால், காட்டு மூதாதையிடம் தோன்றிய தற்காப்புப் பண்பு இது எனக் கொள்ளலாம். வெப்பம் நீடித்தால் விதை ஆழ்ந்த உறக்கநிலைக்குச் சென்றுவிடும். அதன்பின் மண் குளிர்ந்தாலும் உடனே முளைக்காது.

ஒளியும் இதில் பங்கு வகிக்கின்றது. அமெரிக்காவின் பெல்ட்சுவில் ஆய்வு நிலையத்தில் போர்த்விக், என்ட்ரிக்சு ஆகியோர் அடங்கிய குழுவினர் கிராண்ட் ராப்பிட்சு இலைக்கோசு விதைகளை ஆராய்ந்து 1952 ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். சிவப்பு ஒளி முளைப்பைத் தூண்டுவதையும், சிவப்பைக் கடந்த தொலைசிவப்பு ஒளி அத்தூண்டலை நீக்குவதையும் அவர்கள் காட்டினர். எத்தனை முறை மாற்றி மாற்றி ஒளியூட்டினாலும் இறுதியாகக் கொடுத்த ஒளியே விளைவைத் தீர்மானித்தது. தாவரங்களின் ஒளியுணர் நிறமியான பைட்டோகுரோம் பின்னர் கண்டறியப்படுவதற்கு இவ்வாய்வு வழிவகுத்தது.

இதிலிருந்து தோட்டக்காரர் அறிய வேண்டியவை இரண்டு. முதலாவதாக, விதையை ஆழமாகப் புதைக்கக் கூடாது. அரை சென்டிமீட்டருக்கு மிகாமல் மெல்லிய மட்கைத் தூவினால் போதும். இரண்டாவதாக, அடர்ந்த மர நிழலில் நாற்றங்கால் அமைக்கக் கூடாது. இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சித் தொலைசிவப்பு ஒளியைக் கீழே விடுவதால், மர நிழலின் ஒளி முளைப்புக்கு எதிரானது. நிழல்வலையின் நிழலில் இக்குறை பெரிதாக இல்லை.

வெப்பமான நாட்களில் விதைக்க நேர்ந்தால், ஈரத்துணியில் அல்லது ஈரத்தாளில் விதைகளைப் பரப்பி, மூடிய கலத்தில் இட்டு, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரண்டு மூன்று நாட்கள் வைத்துப் பின்னர் விதைக்கலாம். மாலையில் விதைத்தால் முளைப்பின் முதற்கட்டம் இரவுக் குளிர்ச்சியில் நிகழும். நாற்றுத்தட்டின் மீது ஈரச்சாக்கு விரிப்பதும் மண்ணைக் குளிர்விக்கும். எனினும் முளை தோன்றியவுடன் சாக்கை நீக்கிவிட வேண்டும்.

நாற்றழுகல்

முளைத்த நாற்றுகள் தண்டின் அடியில் நீர்க்கோத்து, மெலிந்து, சாய்ந்து மடிவது நாற்றழுகல் நோய் எனப்படும். பித்தியம், ரைசோக்டோனியா ஆகிய மண்வாழ் நுண்ணுயிரிகள் இதனை உண்டாக்குகின்றன. பருவமழை நாட்களில் நாற்றங்கால் திறந்தவெளியில் இருந்தால் இந்நோய் ஒரே இரவில் பரவக்கூடும்.

இதனைத் தவிர்க்க நாற்றுகளை மழை நேரடியாகப் படாத தாழ்வாரத்தின் வெளிச்சமான ஓரத்தில் குழித்தட்டுகளில் வளர்க்கலாம். தென்னை நார்க்கழிவு மட்கும் மண்புழு உரமும் கலந்த ஊடகம் நீரை நன்கு வடியவிடும். ஒரு கிராம் எடையில் ஏறத்தாழ 800 முதல் 1,000 விதைகள் இருப்பதால், கைப்பிடியாகத் தூவினால் நாற்றுகள் நெருங்கி நோய்க்கு இடமளிக்கும். குழிக்கு இரண்டு விதை இட்டு, பின்னர் ஒன்றைக் களைவது போதுமானது. டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சையை ஊடகத்துடன் கலப்பது தடுப்பு முறையாகும். நோய் முற்றிய பின் அது பயன்தராது.

நாற்று நெடுத்துச் சாய்தல்

போதிய வெளிச்சம் இல்லாவிடில் நாற்றுகள் வெளிறி நெடுத்து வளர்ந்து சாயும். இதனை நாற்றழுகல் எனத் தவறாக எண்ணுவதுண்டு. நெடுத்த நாற்றின் தண்டு வெண்மையாக ஆனால் உறுதியாக இருக்கும். அழுகிய நாற்றின் தண்டோ அடியில் நீர்க்கோத்துப் பழுப்பாக இருக்கும். முன்னதற்குத் தீர்வு காலை வெயில் படும் இடத்துக்குத் தட்டை மாற்றுவதே. நான்கைந்து இலைகள் விட்டதும், அதாவது மூன்று முதல் நான்கு வாரங்களில், நாற்றுகளை மாலை வேளையில் 20 முதல் 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நடலாம்.

பூத்தண்டு எழும்புதலும் கசப்பும்

இலைக்கோசின் தண்டு இளமையில் மிகக் குறுகியது. இலைகள் தரையிலிருந்து எழுவது போலத் தோன்றும். பூக்கும் பருவம் வந்தவுடன் நடுத்தண்டு விரைந்து நீள்கின்றது. இலைகள் சிறுத்து, பால் மிகுந்து, கசப்பு ஏறுகின்றது.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடையின் நீண்ட பகலும் வெப்பமும் சேர்ந்து இம்மாற்றத்தைத் தூண்டுகின்றன. செம்பட்டி ஏறத்தாழ 10 பாகை வட அகலாங்கில் உள்ளது. இங்குப் பகற்பொழுது மார்கழியில் பதினொன்றரை மணி நேரத்துக்கும் ஆனியில் பன்னிரண்டே முக்கால் மணி நேரத்துக்கும் இடையிலேயே மாறுகின்றது. ஆகவே இப்பகுதியில் பகல் நீளத்தின் பங்கு சிறியது; வெப்பமே முதன்மைக் காரணி. மேலைநாட்டு விதை உறைகளில் காணப்படும் வசந்த கால, இலையுதிர் கால அறிவுரைகள் இங்குப் பொருந்தாமைக்கும் இதுவே காரணம்.

எழும்பத் தொடங்கிய பூத்தண்டைக் கிள்ளிவிடுவது, கூடுதல் உரமிடுவது ஆகியன பயன்தருவதில்லை. செடி தன் வாழ்க்கைச் சுழற்சியில் அடுத்த கட்டத்துக்குச் சென்றுவிட்டதால் இலைகள் மீண்டும் இனிப்பதில்லை. நடைமுறையில் செய்யத்தக்கவை:

- தண்டு நீளத் தொடங்கும் அறிகுறி தெரிந்தவுடன் முழுச் செடியையும் அறுவடை செய்தல்.
- இலைகளை அதிகாலையில் பறித்தல். அப்போது இலை நீர் நிறைந்து மொறுமொறுப்பாக இருக்கும்.
- தை பிற்பகுதியிலிருந்து 35 முதல் 50 விழுக்காடு நிழல்தரும் வலையை அமைத்தல்.
- நாற்று நிலையில் நீர்ப்பற்றாக்குறை ஏற்படாமல் காத்தல்.
- ஒரே நாளில் அனைத்தையும் விதைக்காமல் பத்து முதல் பதினான்கு நாள் இடைவெளியில் சிறிது சிறிதாக விதைத்தல்.

சற்றே கசத்த இலைகளை வீணாக்க வேண்டியதில்லை. சீனச் சமையலில் இலைக்கோசு வதக்கியும் சாறாகவும் உண்ணப்படுகின்றது. அதுபோலப் பாசிப்பருப்புச் சேர்த்துக் கூட்டாகச் சமைத்தால் கசப்பு மட்டுப்படும்.

இலை நுனிக் கருகல்

உள் இலைகளின் ஓரமும் நுனியும் பழுப்பேறிக் கருகுவது நோய்க்கிருமியால் ஏற்படுவதன்று. வளரும் இளம் இலைக்குச் சுண்ணாம்புச் சத்து எனப்படும் கால்சியம் போதிய அளவு சென்று சேராததே காரணம். கால்சியம் நீரோட்டத்துடன் மட்டுமே இலைக்குச் செல்கின்றது. வெப்பமான பகலில் வெளி இலைகள் மிகுந்த நீரை ஆவியாக்குவதால் நீரோட்டம் அவற்றையே நோக்கிச் செல்லும். மறைந்திருக்கும் உள் இலைகளில் ஆவியாதல் குறைவாதலால் அவை பட்டினி கிடக்கும்.

இதனால் மண்ணில் கால்சியம் நிறைய இருந்தாலும் கருகல் தோன்றலாம். முட்டை ஓட்டைப் பொடித்து இடுவது போன்ற முறைகள் உடனடிப் பயன் தராமைக்கும் இதுவே காரணம். மண் ஒரு நாள் காய்ந்தும் மறுநாள் நனைந்தும் மாறாமல் ஒரே சீரான ஈரத்துடன் இருக்கச் செய்வதும், தழைச்சத்து மிகுந்த உரங்களைக் குறைப்பதும், மூடாக்கு இடுவதுமே தீர்வு. தழைச்சத்து மிகுந்தால் இலை வளர்ச்சி விரைவுபட்டு, கால்சியத் தேவை கூடிக் கருகலும் கூடும்.

வேர்ச்சூடு

மாடித்தோட்டத்தில் செடிகள் நண்பகலில் வாடி மாலையில் நிமிர்வது பொதுவான காட்சி. இலைக்கோசின் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவியிருப்பதால், வெயிலில் சூடேறும் பையும் தளமும் அவற்றை நேரடியாகப் பாதிக்கின்றன. 1990களில் சிங்கப்பூரின் தேசியக் கல்விக் கழகத்தில் நடைபெற்ற ஆய்வுகள் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. அங்கு இலைப்பகுதி வெப்பமண்டலச் சூழலிலேயே இருக்க, வேர்ப்பகுதி மட்டும் 20 பாகை அளவுக்குக் குளிர்விக்கப்பட்டபோது இலைக்கோசு நன்கு வளர்ந்தது.

இத்தகைய கருவிகள் வீட்டுத்தோட்டத்தில் இல்லாவிடினும் அதன் பாடத்தைப் பயன்படுத்தலாம். கருநிறத் தொட்டிகளுக்கு மாற்றாக வெண்ணிறப் பைகளையோ மண்தொட்டிகளையோ கொள்ளலாம். பைகளைத் தளத்தின் மீது நேரடியாக வைக்காமல் செங்கல் மீது வைக்கலாம். சாக்கு சுற்றி நிழல் தரலாம். மண்ணின் மேல் வைக்கோல் அல்லது உலர்ந்த தென்னை ஓலைத் துண்டுகளால் மூடாக்கு இடலாம். பிற்பகல் வெயில் படாத கிழக்குப்புறச் சுவரோரம் இப்பயிருக்கு உகந்த இடம்.

நீரின் உப்புத்தன்மை

இலைக்கோசு உப்பை ஓரளவே தாங்கும் பயிர். மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1.3 டெசிசீமன் என்னும் அளவைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்குகின்றது. அதன்பின் ஒவ்வொரு டெசிசீமன் உயர்வுக்கும் ஏறத்தாழ 13 விழுக்காடு குறையும் எனப் பயிரியல் அட்டவணைகள் காட்டுகின்றன. இதன்படி 3.3 டெசிசீமன் அளவுள்ள மண்ணில் விளைச்சலில் கால்பங்கு இழப்பாகும்.

திண்டுக்கல் மாவட்டத்தின் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. திண்டுக்கல் நகரைச் சூழ்ந்த சில பகுதிகளில் தோல் பதனிடும் ஆலைக் கழிவுகளால் நிலத்தடி நீர் உவர்ப்படைந்ததும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. இத்தகைய நீரைத் தொடர்ந்து பாய்ச்சும்போது பைகளில் உப்புப் படிந்து, இலையோரம் காய்ந்து, செடி குன்றிவிடும். இதனை உரக்குறை எனக் கருதி மேலும் உரமிடுவது உப்பைக் கூட்டவே செய்யும். பருவமழையின்போது கூரைநீரைச் சேமித்து நாற்றுகளுக்குப் பயன்படுத்துவதும், அடியில் வடியுமளவுக்கு அவ்வப்போது நல்ல நீர் ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்றுவதும் பயன்தரும். வேளாண்மைத் துறையின் மண் ஆய்வுக்கூடங்களில் மண்ணையும் நீரையும் ஆய்வு செய்துகொள்ளலாம்.

பூச்சிகளும் நோய்களும்

அசுவினி: இளந்தளிரிலும் இலையின் அடியிலும் கூட்டமாக இருந்து சாறு உறிஞ்சும். இலைக்கோசுத் தேமல் நோயைப் பரப்புவதும் இதுவே. வலுவாக நீர் பீய்ச்சி அகற்றுவதும், மஞ்சள் ஒட்டுப்பொறி வைப்பதும் முதல் நடவடிக்கைகள். பொறிவண்டுகள் இதனை உண்பதால் அவற்றைக் காக்க வேண்டும்.

இலைத்துளைப்பான்: இலைத்தசைக்குள் வளைந்து வளைந்து செல்லும் வெண்கோடுகள் இதன் அடையாளம். அத்தகைய இலைகளைக் கிள்ளி அழித்தால் பெருக்கம் குறையும்.

புழுக்கள்: புரோடீனியா உள்ளிட்ட புழுக்கள் இரவில் இலையை உண்ணும். இலையின் அடியில் உள்ள முட்டைக் குவியல்களை நீக்குவதும், மாலையில் புழுக்களைக் கையால் பொறுக்குவதும் சிறு தோட்டத்துக்குப் போதுமானவை.

நத்தை: மழை நாட்களில் இளநாற்றுகளை அடியோடு தின்றுவிடும். கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பெருநத்தை 1847 ஆம் ஆண்டு கொல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் இந்தியாவின் பல பகுதிகளிலும் பரவியது. ஈரச்சாக்கின் அடியில் முட்டைக்கோசு இலைகளை இரவில் வைத்தால் நத்தைகள் அங்குக் கூடும். காலையில் சேகரித்து அழிக்கலாம். இந்நத்தைகள் மனிதருக்கு நோய் தரும் ஒட்டுண்ணிகளைச் சுமக்கக்கூடும் ஆதலால் வெறுங்கையால் தொடக் கூடாது.

வேர்முடிச்சு நூற்புழு: செடி காரணமின்றிக் குன்றினால் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பார்க்க வேண்டும். மணி மணியாக முடிச்சுகள் இருந்தால் நூற்புழுத் தாக்குதல் எனக் கொள்ளலாம். கத்தரி, தக்காளி, வெண்டை பயிரிட்ட அதே மண்ணில் இது மிகுதி. வேப்பம் பிண்ணாக்கு இடுவதும், முந்தைய பருவத்தில் செண்டுமல்லி வளர்ப்பதும் இதனைக் குறைக்கும்.

தேமல் நோய்: இலையில் வெளிர்பச்சைத் திட்டுகள் தோன்றிச் செடி சுருங்கும். இந்த நச்சுயிரி விதை வழியாகவும் பரவும். இதற்கு மருந்து இல்லை. நோயுற்ற செடியை அகற்றுவதும், அதிலிருந்து விதை எடுக்காமலிருப்பதுமே வழி.

அடிச்சாம்பல் நோய்: இலையின் மேற்புறம் மஞ்சள் திட்டுகளும் அடிப்புறம் வெண்படலமும் தோன்றும். குளிரும் ஈரமும் மிகுந்த மலைப்பகுதிகளிலேயே இது பெருந்தொல்லை. சமவெளியில் பனி மிகுந்த மார்கழியில் தோன்றலாம். மாலையில் இலைமீது நீர் தெளிக்காமல் காலையில் வேரடியில் ஊற்றுவது இதனைத் தடுக்கும்.

பச்சை உணவும் பாதுகாப்பும்

மற்றக் கீரைகளிலிருந்து இலைக்கோசு வேறுபடும் முக்கியமான இடம் இதுவே. அரைக்கீரையும் முளைக்கீரையும் கொதிநீரில் வேகும்போது கிருமிகள் அழிந்துவிடும். இலைக்கோசுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2018 ஆம் ஆண்டு அமெரிக்காவின் யூமா பகுதியில் விளைந்த ரோமெயின் இலைக்கோசு வழியாக ஈ. கோலை பாக்டீரியா பரவியதில் 210 பேர் நோயுற்றனர், ஐவர் இறந்தனர். அப்பகுதியின் பாசனக் கால்வாய் நீரில் அதே பாக்டீரியா பின்னர் கண்டறியப்பட்டது.

ஆகவே இப்பயிருக்குப் பசுஞ்சாணக் கரைசலை ஊற்றுவதும் இலைமீது தெளிப்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை. அமெரிக்க இயற்கை வேளாண் விதிகளின்படி, உண்ணும் பகுதி மண்ணைத் தொடும் பயிர்களில் மட்காத சாணம் இட்டதற்கும் அறுவடைக்கும் இடையே குறைந்தது 120 நாட்கள் இருக்க வேண்டும். உதிரி இலை வகையின் மொத்த வாழ்நாளே அதில் பாதிதான். எனவே நன்கு மட்கிய எருவை மட்டுமே, நடுவதற்கு முன் மண்ணில் கலந்து இடலாம். சமையலறை, குளியலறைக் கழிவுநீரைப் பயன்படுத்துவதும் கூடாது. இலையைத் தூய குடிநீரில் பலமுறை கழுவ வேண்டும். உப்புநீரில் ஊறவைப்பது மண்ணையும் பூச்சியையும் நீக்க உதவுமே தவிர எல்லாக் கிருமிகளையும் அழிக்காது.

இதே காரணத்தால் செடியின் உட்பரவும் பூச்சிக்கொல்லிகளையும் இப்பயிருக்குப் பயன்படுத்தலாகாது. கழுவினாலும் அவை நீங்குவதில்லை.

பருவ அட்டவணை

செம்பட்டிப் பகுதியின் மழையையும் வெப்பத்தையும் ஒட்டி உதிரி இலை வகைக்குப் பின்வரும் காலமுறையைக் கொள்ளலாம்:

- ஐப்பசி பிற்பகுதி: கூரையடியில் முதல் விதைப்பு.
- கார்த்திகை: இரண்டாவது, மூன்றாவது விதைப்புகள், மழை தணிந்ததும் முதல் நாற்றுகளை நடுதல்.
- மார்கழித் தொடக்கம்: கடைசி விதைப்பு.
- மார்கழி, தை: வெளி இலைகளைத் தொடர்ந்து பறித்தல்.
- மாசித் தொடக்கம்: எஞ்சிய செடிகளை முழுமையாக அறுவடை செய்தல், விதைக்கான செடிகளை மட்டும் விடுதல்.

கோடைக்கான மாற்றுக் கீரைகள்

மாசிக்குப் பின்னர் இலைக்கோசுக்காக நீரையும் உழைப்பையும் செலவிடுவது பெரும்பாலும் இழப்பையே தரும். அப்பாத்தியில் முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை, பருப்புக்கீரை, கொடிப்பசலை ஆகியவற்றை வளர்க்கலாம். முளைக்கீரை இனங்கள் ஒளிச்சேர்க்கையில் நாற்கரிம முறையைக் கையாள்வதால் மிகுந்த வெயிலிலும் குறைந்த நீரிலும் விரைந்து வளர்கின்றன. மேலும் இலைக்கோசின் எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடு நீரே ஆகும். கால்சியம், இரும்பு ஆகிய சத்துகளில் முளைக்கீரை அதனைவிடப் பன்மடங்கு உயர்ந்தது. ஆதலால் இலைக்கோசை மற்றக் கீரைகளுக்கு மாற்றாகக் கருதாமல், குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் பச்சையுணவாகக் கொள்வதே பொருத்தமானது.

விதை சேகரிப்பு

இலைக்கோசு பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை உடையது. ஆகவே சிறு தோட்டத்திலும் கலப்பின்றி விதை எடுக்க முடியும். சிறிய மஞ்சள் பூக்கள் வாடியபின் பஞ்சு போன்ற குஞ்சத்துடன் விதைகள் முதிரும். அவற்றை உலர்த்தி, காற்றுப்புகாத கலத்தில் குளிர்ந்த இடத்தில் வைத்தால் இரண்டு மூன்று ஆண்டுகள் முளைப்புத்திறன் குன்றாமல் இருக்கும். கலப்பின விதையிலிருந்து வளர்ந்த செடிகளுக்கு இம்முறை பொருந்தாது.

முதலில் பூக்கும் செடியிலிருந்தே விதை எடுப்பது இதில் பலர் செய்யும் பிழை. அது எளிதாகவும் விரைவாகவும் கிடைப்பதால் அவ்வாறு செய்கின்றனர். ஆனால் விரைவில் பூக்கும் பண்பே அடுத்த தலைமுறைக்குச் செல்லும். ஆண்டுதோறும் செடிகள் மேலும் முன்கூட்டியே பூத்துக் கசக்கும். மாறாக, தோட்டத்தில் கடைசியாகப் பூத்தண்டு விடும் நலமான செடியை அடையாளமிட்டு, அதன் விதையை மட்டும் சேர்த்துவைப்பது முறையாகும். செடிகளுக்கிடையே மரபு வேறுபாடு இருக்குமாயின், பல பருவங்களில் அவ்விடத்தின் வெப்பத்தைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும் செடிகள் இவ்வாறு கிடைக்கலாம். காட்டுச் செடியிலிருந்து இலைக்கோசை உருவாக்கிய பண்டைய உழவர்கள் கையாண்டதும் இத்தெரிவு முறையே ஆகும்.

இவற்றையும் பார்க்க

- முளைக்கீரை
- மாடித்தோட்டம்
- மூடாக்கு
- வடகிழக்குப் பருவமழை
- கொடைக்கானல்